நூறு கிராம் மஞ்சள்தூளும் ஒரு டீசல் எஞ்சினும்

போன சனிக்கிழமை, ஐம்பத்தெட்டு வயதில், முதன்முறையாக ஒரு காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன்.

பார்த்த வேகத்தில் வெளியே எடுத்துவிட்டேன். மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி, கீழே கறுப்பாக ஏதேதோ... நடுவில் நாலைந்து குழாய்கள். இத்தனை வருஷமாக இதன் பின்னால் உட்கார்ந்து, "ஏசியைக் கொஞ்சம் கூட்டும்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போய்வந்திருக்கிறேன். அரசியல், சினிமா, மாமியார் மருமகள் சண்டை என்று எதைப் பற்றியும் வாராவாரம் உங்களுக்கு அபிப்பிராயம் சொல்கிற ஆள் நான். கார் எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டிருந்தால்? "டீசலில்" என்று சொல்லியிருப்பேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குப் பாண்டியம்மாளைத் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம். முப்பத்தைந்து வயது. சீமைக்கருவேல விறகை மண்ணால் மூடி எரிக்கிற மூட்டத்தில் கரி அள்ளிக்கொண்டிருந்தவர், டிரைவிங் கற்று, லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய டீசல் காரை வாங்கி டாக்ஸி ஓட்டுகிறார். நான் வாரம் ஒருமுறை அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்வருவது அவர் வண்டியில்தான். பஸ் படி ஏற என் முழங்கால் சம்மதிப்பதில்லை.

அந்தப் பாண்டியம்மாளுக்கு இரண்டு வருஷமாக ஒரே ஆசை. நிரந்தரமாக ஒரு மாதச் சவாரி. அது கிடைத்தும்விட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாலு டீச்சர்கள், திங்கட்கிழமை முதல் உங்கள் வண்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை வண்டி வராவிட்டால் வேறொரு வேன்காரர் தயாராக இருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

சனிக்கிழமை மதியம், அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது, அருப்புக்கோட்டைக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில் வண்டியின் சூடு காட்டும் முள் மேலே ஏறியது.

பாண்டியம்மாள் அந்த நிமிஷமே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டார்.

"நாலு கிலோமீட்டர்தானேம்மா. மெதுவா உருட்டிட்டுப் போயிரலாமே" என்றேன்.

"முள்ளு நடுவுல நிக்கணும் சார். ஒரு வெரக்கடை கூட ஏறுனா நான் ஓட்ட மாட்டேன்."

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் முணுமுணுத்தேன். அவர் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஒரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய், ஊர் எல்லையில் இருக்கிற மெக்கானிக் முனியாண்டியின் பட்டறையில் விட்டோம்.

முனியாண்டி நல்ல தொழில்காரர். வாய் நிறைய வெற்றிலை, தலை நிறைய எஞ்சின். சூடு ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரலில் பழுப்பும் மஞ்சளுமாகச் சேறு அப்பிக்கொண்டு வந்தது.

அவர் முகம் மாறியது. "தாயி... தண்ணியில ஆயிலு கலந்திருக்கு. ஹெட் கேஸ்கட்டு போச்சு. எஞ்சினை எறக்கணும். ஹெட்டை மதுரைக்கு அனுப்பி லேத்துல பேஸ் அடிச்சு, மட்டமாச் சீவி வாங்கணும். எட்டு நாளு, பத்து நாளு ஆகும்."

பாண்டியம்மாள் கார் மீது கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் மெதுவாக இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அவரிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன்.

பத்து நாளைக்கு முன்பு, இதே வண்டி நரிக்குடி ரோட்டில் ஆவி விட்டு நின்றது. ரேடியேட்டரில் சின்னதாக ஒரு ஓட்டை. சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. சூடு தணிந்ததும் பாண்டியம்மாள் துணியைப் போட்டு மூடியைத் திறந்து வைத்துவிட்டு, "எதையும் தொடாதீக சார், தண்ணி எடுத்துட்டு வாரேன்" என்று கேனோடு ஒரு பம்புசெட்டைப் பார்த்துப் போனார்.

தொடாமல் இருந்தேனா? பந்தல்குடி டீக்கடையில் லாரி டிரைவர்கள் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுவார்களாம், ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளுமாம். எதிரே ஒரு பெட்டிக்கடை. நூறு கிராம் பாக்கெட் ஒன்று வாங்கினேன். லாரிக்காரர்கள் போடுவது ஒரு ஸ்பூன் என்பது எனக்குத் தெரியாது. எட்ட நின்றபடியே முழுப் பாக்கெட்டையும் ரேடியேட்டர் வாயில் தட்டி, காலிப் பாக்கெட்டை முள்காட்டில் எறிந்துவிட்டு, யோக்கியன் மாதிரி நின்றுகொண்டேன்.

அவர் வந்து தண்ணீர் ஊற்றினார். துருவேறிய தண்ணீரில் மஞ்சள் தெரியவில்லை. வண்டியைக் கிளப்பிப் பார்த்தால்... ஒழுகல் நின்றிருந்தது.

"நின்னுருச்சே சார். எப்படி?"

"சூடு ஆறினதுல இருக்கும்" என்றேன். மனதுக்குள் எனக்கு நானே ஒரு சால்வை போர்த்திக்கொண்டேன்.

ஒழுகல் நின்றதால், ரேடியேட்டரைக் காட்டலாம் என்றிருந்தவர் தள்ளிப்போட்டுவிட்டார். இப்போது எஞ்சினே போச்சு என்கிறார் மெக்கானிக். நான்தானே போட்டேன்? என் மஞ்சள்தானே கேஸ்கட்டைத் தின்றிருக்கும்? கேஸ்கட் என்றால் என்ன என்றே தெரியாமல், அதைக் கொன்ற குற்றத்தை மட்டும் தெளிவாக உணர்ந்தேன். வாயைத் திறக்கத்தான் தைரியம் வரவில்லை.

முனியாண்டி ஸ்பானரை எடுத்தார். பாண்டியம்மாள் குறுக்கே கையை நீட்டினார்.

"அண்ணே, ஒரு போல்ட்டு கழட்டுறதுக்கு முன்னாடி எனக்கு மூணு விசயம் சொல்லுங்க. எதைக் கழட்டப் போறீக? அது என்ன வேலை செய்யுது? அது கெட்டா வேற என்ன கெடும்? ஒவ்வொண்ணுக்கும் சொல்லுங்க."

இன்னொரு மெக்கானிக்காக இருந்தால் கத்தியிருப்பார். முனியாண்டிக்கு என்ன தோன்றியதோ, பட்டறை மூலையில் டயர் மேல் கிடந்த ஒரு பழைய எஞ்சினைக் காட்டி ஆரம்பித்தார்.

"இதுதான் பிளாக்கு. இதுக்குள்ள நாலு கெணறு. சிலிண்டரும்பாக. ஒவ்வொரு கெணத்துக்குள்ளயும் ஒரு பிஸ்டன் ஏறி எறங்கும். அதைச் சுத்தி ரிங்கு."

"ரிங்கு கெட்டா?"

"கீழ கெடக்குற ஆயிலு மேல ஏறி எரியும். பின்னாடி நீலமாப் பொகை வரும்."

"என் வண்டியில வரல."

"வரல" என்று ஒப்புக்கொண்டார்.

"பிஸ்டன் ஏறி எறங்குதுன்னா சக்கரம் எப்படிச் சுத்துது?"

"சைக்கிள் மிதிக்கைல முழங்காலு மேலயும் கீழயும்தான போகுது? சக்கரம் சுத்துதுல்ல. பிஸ்டனுக்குக் கீழ இந்தக் கம்பி, கனெக்டிங் ராடு. அது கீழ இருக்க கிராங்க் ஷாப்டைச் சுத்திவிடும். கடைசியில இந்தக் கனத்த சக்கரம், பிளைவீலு. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவுல நின்னுபோகாம இழுத்துட்டுப் போகும். இதெல்லாம் கெட்டா கடகடன்னு சத்தம் வரும்."

"என் வண்டியில சத்தம் இல்ல."

"இல்ல."

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பயத்திலும் சுவாரஸ்யம் தட்டியது. எந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்?

கிணற்றுக்கு மேல் மூடி மாதிரி உட்கார்ந்திருப்பது ஹெட். அதில் வால்வுகள். ஒன்று காற்றை உள்ளே விடும், இன்னொன்று புகையை வெளியே விடும். வால்வை யார் திறந்துவிடுவது? கேம் ஷாப்ட் என்று ஒரு தண்டு. அதில் முட்டை முட்டையாகப் புடைப்புகள். சுற்றும்போது புடைப்பு வந்து வால்வை அமுக்கித் திறக்கும், விலகினால் மூடிக்கொள்ளும். மேலே இருக்கிற அதையும் கீழே இருக்கிற கிராங்க்கையும் ஒரு பெல்ட் கட்டிப்போட்டிருக்கிறது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டு வண்டி கிளம்பவே கிளம்பாது.

"என் வண்டி கெளம்புதுண்ணே."

"கெளம்புது."

பிறகு நெருப்பு. டீசல் எஞ்சினில் தீப்பொறி விடுகிற பிளக் கிடையாதாம். பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை அமுக்குகிற அமுக்கலில் காற்றே கொதித்துப்போகும். அந்த நேரம் பார்த்து இன்ஜெக்டர் டீசலைப் பனி மாதிரி தூவும். குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

பாண்டியம்மாள் சட்டென்று நிமிர்ந்தார். "கரி மூட்டத்துல காத்து ஓட்டைய அளவுக்கு மேல தொறந்தா வெறகு சாம்பலாயிரும். அடைச்சா அணைஞ்சுபோகும். அதே கணக்குத்தான?"

"அதேதான் தாயி. காத்தும் டீசலும் அளவா இருக்கணும். அதுக்குத்தான் முன்னாடி ஏர் பில்டரு. நம்ம ரோட்டுப் புழுதி உள்ள போச்சுன்னா அம்புட்டும் தேஞ்சுபோகும்."

இழு, அமுக்கு, எரி, தள்ளு. எஞ்சின் செய்வது இந்த நாலு வேலைதான். காற்றை இழுக்கிறது, அமுக்குகிறது, எரிக்கிறது, புகையைத் தள்ளுகிறது. நான் பின் சீட்டில் வாய் பிளந்து தூங்குகிற ஒவ்வொரு நிமிஷமும் நாலு கிணற்றிலும் நூற்றுக்கணக்கான தடவை இது நடந்திருக்கிறது. ஒரு நாளாவது நன்றி சொல்லியிருப்பேனா?

கடைசியில் முனியாண்டி, ஆணியில் தொங்கிய ஒரு மெல்லிய தகட்டை எடுத்து நீட்டினார். நாலு பெரிய வட்டமும் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகளும்.

"இதுதான் நான் சொன்ன ஹெட் கேஸ்கட்டு. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கும். நெருப்பு, தண்ணி, ஆயிலு... மூணையும் சேரவிடாமப் பிரிச்சு வைக்கும். சூடு எல்லை மீறுனா இது போயிரும்."

"போனா வேற என்ன கெடும்?"

"தண்ணி ஆயில்ல எறங்கும். ஆயிலு பால் ஊத்துன டீ மாதிரி ஆயிரும். வெள்ளையாப் பொகை வரும். ரேடியேட்டர்ல முட்டை முட்டையாக் கொப்புளிக்கும்."

பாண்டியம்மாள் கார் அருகே போனார். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினார். துணியில் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவி, வெளிச்சத்தில் பிடித்தார்.

"கறுப்பாத்தாண்ணே இருக்கு. பாலுமில்ல, டீயுமில்ல."

முனியாண்டி வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "சில நேரம் ஒரு பக்கமாத்தான் போகும் தாயி. ஆயிலு மட்டும் தண்ணிக்கு வரும், தண்ணி ஆயிலுக்குப் போகாது. அப்படியும் இருக்கு."

பாண்டியம்மாள் விடவில்லை. ரேடியேட்டருக்குள் விரலை விட்டு அந்தச் சேற்றை எடுத்து, கட்டைவிரலால் தேய்த்தார். "ஆயிலுன்னா வழுக்கணும்ல? இது நறநறங்குது." மூக்குக்குக் கொண்டுபோனார். புருவம் சுருங்கியது. "என்னமோ கொழம்பு வாசம் வருதுண்ணே."

இதற்கு மேல் உட்கார்ந்திருந்தால் நான் மனுஷனா?

எழுந்தேன். "பாண்டியம்மா... அது மஞ்சள்தூள்" என்றேன். பெட்டிக்கடை, நூறு கிராம், முள்காட்டில் எறிந்த பாக்கெட் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

 பாண்டியம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

"அன்னைக்குக் கேட்டேன்ல சார், எப்படி நின்னுச்சுன்னு."

"கேட்டீங்க."

முனியாண்டி நம்பவில்லை. "நூறு கிராமா? எந்த மனுசன் சார் நூறு கிராமு போடுவான்? இந்தப் புள்ளைக்குப் பாவம் பாத்துச் சொல்றீகளா?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் முட்டாள்தனத்தை நிரூபிக்க ஆதாரம் தேடி நின்றேன்.

ஆதாரத்தைப் பாண்டியம்மாள்தான் பிடித்தார். முனியாண்டியின் சட்டைப் பையைக் காட்டினார். "அண்ணே, அந்தச் சுண்ணாம்பு டப்பாவைக் குடுங்க."

வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு. அதை ஒரு பிளாஸ்டிக் மூடியில் வழித்துப் போட்டு, சொட்டுத் தண்ணீர் விட்டு, மேலே அந்தச் சேற்றை வைத்துக் குழைத்தார்.

சிவந்தது. முதலில் ஓரத்தில், பிறகு மூடி முழுக்க. மாப்பிள்ளை பெண்ணுக்குச் சுற்றுகிற அதே சிவப்பு.

"ஆரத்தி" என்றார் முனியாண்டி. வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டார்.

அடுத்து ஒரு மக்கில் சுத்தத் தண்ணீர் எடுத்து, அதில் சேற்றைக் கரைத்தார்கள். மஞ்சள் அடியில் போய் உட்கார்ந்தது. மேலே எண்ணெய்ப் படலம் துளிகூட மிதக்கவில்லை. முனியாண்டி குனிந்து குனிந்து பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"மஞ்சளு ரேடியேட்டர் குழாயை அடைச்சிருக்கு. தண்ணி ஓடல, அதான் சூடு. நீ முள்ளைப் பாத்து அந்த எடத்துலயே நிறுத்துனியே, அதுல எஞ்சின் பொழைச்சது தாயி. நாலு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா நான் சொன்னது நெசமாயிருக்கும்."

மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்ன ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை. பாண்டியம்மாளும் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்குக் காலம் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

முனியாண்டி போனை எடுத்து, ரேடியேட்டர் வேலை பார்க்கிற பையனைக் கூப்பிட்டார். "ஏலே, நாளைக்கு ஞாயித்துக்கெழமைன்னு படுத்துறாத. ஒரு ரேடியேட்டர் வருது, குழாய்க்குக் குழாய் கம்பி விட்டுச் சுத்தம் பண்ணணும், ஓட்டையப் பத்தவைக்கணும்."

ஞாயிறு சாயங்காலம் எல்லாம் மாட்டியாகிவிட்டது. எஞ்சினுக்குள்ளும் தண்ணீர் விட்டு மஞ்சள் வருவது நிற்கும்வரை அலசினார்கள். இந்தத் தடவை போர்வெல் தண்ணீர் இல்லை, எஞ்சினைக் குளிரவைக்கவென்றே விற்கிற கூலன்ட். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரை ஊற்றினால் குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும் என்று முனியாண்டி திட்டிக்கொண்டே ஊற்றினார். செலவு என்னுடையது. தண்டனையும் தனியாக ஒன்று கிடைத்தது — எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"கொப்புளம் வந்தாச் சொல்லுங்க சார்" என்றார் பாண்டியம்மாள். வந்தால் கேஸ்கட் நிஜமாகவே போயிருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் திங்கட்கிழமை அவருடையது.

சாவியைத் திருகினார். எஞ்சின் பிடித்தது.

நான் பார்த்தேன். கண் கொட்டாமல் பார்த்தேன். ஆரம்பத்தில் சின்னதாக இரண்டு குமிழ் வந்தது. "வந்துருச்சு!" என்றேன். "உள்ள இருக்க காத்து போகுது சார், அது ஒண்ணுமில்ல" என்றார் முனியாண்டி. அதன் பிறகு குமிழ் இல்லை. தண்ணீர் அமைதியாகச் சுற்றியது. சிறிது நேரத்தில் முன்னால் பேன் தானாக ஓடி, தானாக நின்றது. புகையில் வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை.

"முள்ளு எங்க நிக்குது?" என்று கத்தினேன்.

"நடுவுல" என்றார் பாண்டியம்மாள்.  ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முனியாண்டி வானத்தைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

வீடு திரும்பும்போது ஒன்று தோன்றியது. டாக்டரிடம் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சூரணத்தை மூன்று நாளாகத் தின்றதைச் சொல்கிறோமா? மூச்சு விட மாட்டோம். அவர் ஸ்கேன் எழுதுவார், ரத்தம் எடுப்பார், நாம் நல்ல பிள்ளையாகக் கையை நீட்டுவோம். நாம் மறைக்கிற அந்த ஒரு விஷயம் பல நேரங்களில் வைத்தியத்தின் பாதி. நான் ஒரு மணி நேரம் முன்னால் வாய் திறந்திருந்தால், பாண்டியம்மாள் அந்த ஒரு மணி நேரத்தைக் கையைப் பிசைந்துகொண்டு கழித்திருக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று... அப்படிச் சொல்லியிருந்தால் எஞ்சினைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டிருக்கவும் மாட்டேன். இதைப் பாண்டியம்மாளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

திங்கட்கிழமை காலை. நாலு டீச்சர்களும் டிபன் பாக்ஸ், கைப்பை சகிதம் எங்கள் தெருமுனையில் வந்து ஏறினார்கள். வண்டி கழுவித் துடைத்து மினுமினுவென்று நின்றது. முதல் சவாரி இல்லையா? வீட்டில் என் மனைவி கரைத்துக் கொடுத்த ஆரத்தித் தட்டோடு போனேன். காருக்கு முன்னால் தட்டை மூன்று சுற்றுச் சுற்றினேன். டீச்சர்கள் கைதட்டினார்கள்.

பாண்டியம்மாள் கண்ணாடியை இறக்கினார்.

"நல்லது சார். மஞ்சளை இப்படி வெளியில சுத்துறதோட விட்ருங்க."

வண்டி கிளம்பித் தெரு திரும்பும்வரை அவர் பக்கக் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு போனார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு வெறுங்கையையும் தூக்கிக் காட்டியபடி நின்றேன்.